இருப்புப்பாதையும் கடைத்தெருவும்

ஓர் ஊருக்குப் புதிய பாதை வருகின்றபொழுது அதனோடு இரண்டு நன்மைகள் வருகின்றன. ஒன்று, மக்கள் வந்து போகும் வசதி. அது யாவர்க்கும் பொது. மற்றொன்று, அவ்வசதியினால் தெருவோரத்து மனைக்கும் கடைக்கும் ஏறுகின்ற மதிப்பு. அது யாவர்க்கும் பொதுவன்று. முன்னதைக் கண்டு மகிழ்கின்ற நாம், பின்னதைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்க்கத் தொடங்கும்பொழுது நல்ல கடைகளெல்லாம் பிறர் கைக்குப் போய்விட்டிருக்கும். வைகை அணையைச் சுற்றியுள்ள ஊர்களிலும் தேனி நகரிலும் அண்மை ஆண்டுகளில் நிகழ்ந்து வருகின்ற மாறுதல்களை இந்த நோக்கோடு ஆராய்வது, நெசவாளருக்கும் பயிர்த்தொழில் செய்வோருக்கும் உரிய இவ்விதழின் கடமையென்று கருதுகிறோம்.

பாதை வந்த வரலாறு

மதுரையையும் போடிநாயக்கனூரையும் இணைக்கின்ற இருப்புப்பாதை 1928-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். மலைமேல் விளையும் ஏலமும் காபியும் தேயிலையும் சமவெளிக்கு இறங்கிவரும் வாயில் போடி. அக்காலத்தில் மூணாற்றுத் தேயிலை, டாப் ஸ்டேஷன் என்னும் மலைமுகட்டிலிருந்து கம்பிவடத்தின் வழியாகக் கொட்டகுடிக்கு இறக்கப்பட்டு, அங்கிருந்து போடிக்குக் கொண்டுவரப்பட்டது. ஆகவே இப்பாதை முதலில் சரக்கை நம்பியே போடப்பட்டதென்று கூறலாம். இரண்டாம் உலகப் போரின்பொழுது இதன் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. போர் முடிந்து சில ஆண்டுகள் சென்றபின், 1950-களில் பாதை மீண்டும் உயிர்பெற்றது.

1959-ஆம் ஆண்டில் வைகை அணை திறக்கப்பட்டது. அணைக்கு அண்மையிலுள்ள ரெயில் நிலையம் ஆண்டிபட்டியே. அணையையும் பூங்காவையும் காண வருவோருக்கு ஆண்டிபட்டிக் கடைத்தெரு வழித்தங்கலாயிற்று. அதனை அடுத்த சக்கம்பட்டியிலும் டி. சுப்புலாபுரத்திலும் தறியோசை கேட்ட வண்ணம் இருந்தது. பிற்காலத்தில் கைத்தறியோடு விசைத்தறியும் சேர்ந்துகொண்டது.

பின்னர் மற்றுமொரு நீண்ட இடைவெளி நேர்ந்தது. குறுகிய பாதையை அகலப்பாதையாக மாற்றும் பொருட்டு, 2010-ஆம் ஆண்டின் இறுதியில் வண்டிகள் நிறுத்தப்பட்டன. 2022 மே 26-இல் மதுரை முதல் தேனி வரையிலான 75 கிலோமீட்டர் பகுதி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதற்கு ஆன செலவு 500 கோடி ரூபாய்க்கு மேல். எஞ்சிய 15 கிலோமீட்டரும் முடிந்து, 2023 ஜூன் 15-இல் போடிக்கு வண்டி வந்தது. அப்பொழுதே சென்னை சென்ட்ரலுக்கும் போடிக்கும் இடையே வாரத்தில் மூன்று நாள் ஓடும் விரைவு வண்டியும் தொடங்கிற்று. வண்டி நின்ற ஆண்டில் முதல் வகுப்பிற் சேர்ந்த குழந்தை, போடிக்கு வண்டி திரும்பி வந்தபொழுது பள்ளிப் படிப்பையே முடித்திருந்தது. இவ்வளவு நீண்ட காலம் ஒரு நிலையம் மூடிக் கிடந்தால், அதன் வாசலிலிருந்த வாணிபம் காத்திருப்பதில்லை. பஸ் நிற்குமிடத்தைத் தேடிப் போய்விடுகிறது.

மூன்று சாலைகள் கூடுமிடம்

தேனி, சாலைகளால் வளர்ந்த ஊர். மதுரைச் சாலை, பெரியகுளம் சாலை, கம்பம் சாலை ஆகிய மூன்றும் நேரு சிலையருகே கூடுகின்றன. கொச்சியிலிருந்து மூணாறு, போடி வழியாக மதுரை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையும், கொல்லத்திலிருந்து குமுளி, கம்பம் வழியாகத் திண்டுக்கல் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையும் இந்நகரைத் தொடுகின்றன. மலைச்சரக்கும் தோட்டத்துக் காயும் பஞ்சும் நூலும் இங்கே வந்து கைமாறின. சந்தையினால் பெயர்பெற்ற இவ்வூர் 1964-ஆம் ஆண்டில் தேனி-அல்லிநகரம் நகராட்சியாயிற்று; 1990-களில் தேனி மாவட்டம் மதுரையிலிருந்து பிரிந்தபின், மாவட்டத்தின் தலைநகரும் ஆயிற்று.

நகரம் பெருக நெரிசலும் பெருகிற்று. வெளியூர்ப் பஸ்களுக்காகப் புறவழிச்சாலையில் பெரியதொரு பஸ் நிலையம் கட்டப்பட்டு, முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. நகரின் நடுவேயுள்ள பழைய நிலையத்தை நம்பியிருந்த கூட்டத்தில் ஒரு பகுதி அங்கே நகர்ந்தது. ரெயில் திரும்பி வந்தபின், வண்டி போகும் பொழுதெல்லாம் ரெயில்வே கேட்டு மூடப்பட்டு, சாலையில் வாகனங்கள் வரிசையாக நிற்கலாயின. அதனைத் தவிர்க்க, மதுரைச் சாலையில் இருப்புப்பாதைக்கு மேலாகப் பாலம் அமைக்கும் பணியும் மேற்கொள்ளப்பட்டது.

இவை யாவும் நல்ல காரியங்களே. ஆயினும் கடை வைத்திருப்பவரும், கடைக்குச் சரக்குத் தருபவரும் ஓர் உண்மையை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பாதைகள் இருவகைப்படும். ஒன்று, மக்களைக் கடந்து போகச் செய்யும் பாதை. மற்றொன்று, மக்களை இறங்கி நடக்கச் செய்யும் பாதை. புறவழிச்சாலையும் மேம்பாலமும் முதல் வகை. பாலத்தின் மேல் விரைந்து செல்பவர் பாலத்தின் கீழுள்ள கடையில் இறங்கிக் கத்தரிக்காய் வாங்குவதில்லை. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் ஆகிய ஊர்களுக்கும் புறவழிச்சாலைகள் அமைந்தன; ஊருக்குள் லாரிப் புகை குறைந்தது. அதே நேரத்தில், குமுளிக்கும் ஐயப்பன் மலைக்கும் செல்வோர் ஊர்த்தெருவில் வண்டியை நிறுத்தி ஒரு கூடை திராட்சை வாங்கும் வாய்ப்பும் குறைந்தது. ரெயில் நிலையமும் பஸ் நிறுத்தமும் இரண்டாம் வகை. அங்கே இறங்குகிறவர் காலால் நடந்தாக வேண்டும். நடப்பவர் நிற்பார், நிற்பவர் பார்ப்பார், பார்ப்பவர் வாங்குவார். சில்லறை வாணிபத்தின் அடிப்படை இதுவே.

ஒரு சென்னைத் தெருவின் பாடம்

இதற்குத் தமிழ்நாட்டில் யாவரும் அறிந்த சான்று, சென்னை மாம்பலத்து ரங்கநாதன் தெரு. மாம்பலம் ரெயில் நிலையத்துக்கும் உஸ்மான் சாலைக்கும் இடையேயுள்ள அக்குறுகிய தெரு ஒரு காலத்தில் குடியிருப்பு வீடுகளைக் கொண்டிருந்தது. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார வண்டிகள் ஓடத் தொடங்கின. நாளாக நாளாக, வண்டியை விட்டிறங்கியோர் பெருந்திரளாய் அத்தெரு வழியே நடந்தனர். திண்ணைகள் கடைகளாயின, வீடுகள் மாளிகைக் கடைகளாயின. பாத்திரமும் துணியும் நகையும் ஒரே தெருவில் மலைபோற் குவிந்தன.

அத்தெருவில் விற்ற துணியை நெய்தவர் யார்? காஞ்சிபுரத்திலும் சேலத்திலும் ஈரோட்டிலும் இன்னும் பல ஊர்களிலும் தறியிற் குனிந்திருந்தோர் அன்றோ? ஆயினும் தெருவின் செழிப்பால் அவர்களுடைய கூலி எவ்வளவு உயர்ந்ததென்று கேட்டால், விடை மகிழ்ச்சி தருவதாயில்லை. தெருவிற் கால்வைக்க இடம் இருந்தவர்க்கே தெரு பலன் தந்தது. சரக்கை உண்டாக்கினவர் தெருவுக்கு வெளியே நின்றார். வாணிகர்மேல் நாம் குறை கூறவில்லை; அவர்கள் முன்னறிந்து முந்திக்கொண்டனர். நாம் முந்திக்கொள்ளவில்லை என்பதே செய்தி.

வாடகை என்னும் வாய்க்கால்

புதிய பாதையினால் வரும் வருவாய் எங்கே போய்ச் சேருகிறது? வயலுக்குப் பாயும் நீரை நாம் அறிவோம். மடை எங்கே திறந்திருக்கிறதோ அங்கே நீர் பாயும். தெருவில் மடை என்பது வாடகை. நிலையத்துக்கு நூறு அடி தூரத்திலுள்ள கடைக்கு ஆள்நடமாட்டம் மிகுதியானால், அடுத்த ஒப்பந்தத்திலேயே உரிமையாளர் வாடகையையும் முன்பணத்தையும் உயர்த்துவார். பழைய மளிகைக் கடைக்காரரும் தையற்காரரும் அதனைத் தாங்க மாட்டாமல் பின்தெருவுக்கு நகர்வர். கைப்பேசிக் கடையும் ஆயத்த ஆடைக் கடையும் பலகாரக் கடையும் அவ்விடத்தில் அமரும். அக்கடைகளிலும் வேலை செய்வோர் நம் பிள்ளைகளே. அவற்றை வேண்டாமென்று கூறுவார் இல்லை. ஆனால் அங்கே விற்கும் ஆடை எங்கோ தைக்கப்பட்டதாயும், பழச்சாறு எங்கோ புட்டியில் அடைக்கப்பட்டதாயும் இருக்குமானால், ஆண்டிபட்டித் தறிக்கும் கம்பத்துப் பந்தலுக்கும் இப்பாதையினால் வந்த பயன் யாது?

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆண்டில் ஒருமுறைக்கு மேல் அறுவடை தரும் இத்திராட்சை, இந்நிலத்தின் மண்ணுக்கும் காற்றுக்கும் உரிய தனிச் செல்வம். குறியீடு வந்ததனால் பெயருக்குச் சட்டக் காவல் வந்தது. ஆனால் தோட்டத்திலேயே வியாபாரியின் விலைக்கு முழுப் பந்தலையும் ஒப்படைத்துவிட்டால், அப்பெயரின் மதிப்பு விவசாயியின் பைக்கு வந்து சேர்வது அரிது. சேலைக்கும் இதே கதைதான். நெய்தவர் கையைவிட்டுப் போனபின் சேலைக்கு எத்தனை முறை விலை ஏறினாலும், நெய்தவர் கூலி ஒருமுறை தீர்ந்தது தீர்ந்ததே.

நெசவாளர் திறந்த ஒரு கடை

தெருவிற் கடை பிடிப்பது ஏழை உழைப்பாளிகளால் ஆகாத காரியம் என்று சிலர் கூறுவர். அவர்கள் இங்கிலாந்து தேசத்து ராச்டேல் நகரின் வரலாற்றை நினைவுகூர்தல் நலம். துணி ஆலைகள் நிறைந்த அந்நகருக்கு 1839-இல் ரெயில் வந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 28 பேர் ஆளுக்கு ஒரு பவுன் வீதம் பணம் சேர்த்து, டோட் லேன் என்னும் தெருவில் ஒரு கடையை வாடகைக்குப் பிடித்தனர். அவருட் பலர் நெசவாளர். 1844 டிசம்பர் 21-ஆம் நாள் அக்கடை திறக்கப்பட்டது. மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் போன்ற சில பண்டங்களே அன்று அங்கே இருந்தன. உழைப்பாளிகள் வேலை முடிந்து வரும் மாலை வேளைகளில் மட்டுமே தொடக்கத்தில் கடை திறந்திருந்தது. சரியான எடை, கலப்படமற்ற சரக்கு, வாங்கிய அளவுக்கேற்ப இலாபப் பங்கு என்னும் நெறிகளால் அது ஓங்கிற்று. உலகெங்கும் பரவிய கூட்டுறவு இயக்கம் அக்கடையைத் தன் தொட்டிலென்று போற்றுகிறது.

நம் நாட்டிலும் வழி தெரியாமல் இல்லை. 1935-இல் தோன்றிய கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், பின்னாளில் கோ-ஆப்டெக்ஸ் என்னும் பெயரோடு ஊர்தோறும் கடைத்தெருவில் இடம் பிடித்தது. தொடக்கச் சங்கங்களின் துணியை வாங்கி விற்றது. 1999-இல் மதுரை அண்ணாநகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டு, விளைவித்தவரே நேரில் விற்கும் ஏற்பாடு தமிழ்நாடெங்கும் பரவியது. இவ்விரண்டும் நமக்குக் கற்பிப்பது ஒன்றே: உண்டாக்குபவர்க்குத் தெருவில் நிலையான இடம் வேண்டும், அந்த இடத்தைத் தனியொருவராய்ப் பெற முடியாதவர், சேர்ந்து பெறலாம்.

செய்யத்தக்கவை

முதலாவது, நெசவாளர் சங்கமும் விவசாயிகளின் சங்கமும் இணைந்து ஒரே கடையைப் பிடித்தல். துணி கெடாது; பழம் கெடும். துணிக்குத் தீபாவளியும் பொங்கலும் பருவம். காய்கனிக்கு நாள்தோறும் பருவம். ஒன்று மந்தமாயிருக்கும்பொழுது மற்றொன்று வாடகையைத் தாங்கும். மாத வாடகை பத்தாயிரம் ரூபாய் என்று கொள்வோம். இரு சங்கங்களிலும் சேர்ந்து ஐந்நூறு உறுப்பினர் இருந்தால், தலைக்கு இருபது ரூபாய். தனியொருவர்க்கு மலையாய்த் தோன்றுவது, பலர் சேர்ந்தபொழுது கடுகாகி விடுகிறது. ஒப்பந்தத்தை மட்டும் நீண்ட காலத்துக்கு எழுதிக்கொள்ளுதல் வேண்டும். தெரு செழித்தபின் இடம் தேடுவதைவிட, செழிக்குமுன் இடம் பிடிப்பது மலிவு. தேனியிலும் ஆண்டிபட்டியிலும் போடியிலும் நிலையத்தை ஒட்டிய தெருக்கள் இன்னும் முழுவதும் மாறிவிடவில்லை.

இரண்டாவது, கடை திறக்கும் நேரம். கூட்டுறவுக் கடைகளைப் பற்றி மக்கள் சொல்லும் குறைகளில் இதுவே முதன்மையானது. வண்டியிலிருந்து கூட்டம் இறங்கும் வேளையில் கதவு அடைத்திருக்கும். யாரும் வாராத நண்பகலில் கதவு திறந்திருக்கும். ரெயிலின் கால அட்டவணையே கடையின் கால அட்டவணையாக இருக்க வேண்டும். ராச்டேல் நெசவாளர் மாலையிற் கடை திறந்த காரணமும் அதுவே.

மூன்றாவது, ரெயில் நிலையத்துக்குள்ளேயே கிடைக்கும் இடம். 'ஒரு நிலையம் ஒரு பொருள்' என்னும் திட்டம் 2022 மார்ச்சில் சோதனை முறையில் தொடங்கி, பின்னர் நாடெங்கும் விரிந்தது. அந்தந்த வட்டாரத்துக் கைவினைஞரும் நெசவாளரும் சுய உதவிக் குழுவினரும் சிறு கட்டணத்தில், முறை வைத்து, நிலையத்துக்குள் கடை நடத்தலாம். மதுரை நிலையத்தில் சுங்கடிச் சேலைகள் இவ்வாறு விற்பனைக்கு வந்தன. நம் பாதையிலுள்ள நிலையங்களிலும் இதற்கு விண்ணப்பிக்கச் சங்கங்கள் முற்பட வேண்டும். ஆண்டிபட்டிச் சேலையும், கம்பத்துத் திராட்சையும், போடி ஏலமும் பயணியின் கண்ணில் முதலிற் படட்டும்.

நான்காவது, தலைச்சுமையாய் விற்போரின் உரிமை. கடை பிடிக்க இயலாத பூக்காரியும் கீரைக்காரியும் தெருவின் ஓரத்திலேயே வாழ்கின்றனர். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் கிடைத்தது. கூடையோடு நகருக்கு வரும் பெண்ணுக்கு வரும்வழிச் செலவு மிச்சமாயிற்று. ஆனால் வந்தபின் உட்கார இடமில்லையென்றால் அம்மிச்சத்தால் பயனென்ன? சாலையை அகலமாக்கும்பொழுதும் பாலம் கட்டும்பொழுதும் முதலில் அகற்றப்படுவோர் இவர்களே. இவர்களைக் காக்க 2014-இல் நாடாளுமன்றம் தெரு வியாபாரிகள் சட்டத்தை இயற்றியது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது நூற்றுக்கு நாற்பது பேர் தெரு வியாபாரிகளின் பிரதிநிதிகளாயிருத்தல் வேண்டும். அவர்களில் மூன்றிலொரு பங்கினர் பெண்களாயிருத்தல் வேண்டும். கணக்கெடுப்பு முடியுமுன் எவரையும் அப்புறப்படுத்தக் கூடாதென்றும் சட்டம் கூறுகிறது. சட்டம் ஏட்டில் இருப்பது மட்டும் போதாது. நம் சங்கங்களின் உறுப்பினர் பலரது வீட்டுப் பெண்கள் இவ்வாறு விற்பவர்களே. அவர்கள் பெயர் கணக்கில் ஏறியுள்ளதா என்று பார்த்து, ஏறாதிருப்பின் ஏற்றுவித்தல் சங்கத்தின் பொறுப்பாகும்.

நட்டம் வருமோ என்னும் ஐயம்

இவ்வளவும் செய்து நட்டம் வந்தால் என் செய்வது என்று நிர்வாகிகள் அஞ்சலாம். அவ்வச்சம் நியாயமானது. சங்கத்தின் பெயரால் திறந்து, கவனிப்பாரற்று மூடப்பட்ட கடைகளை நாம் கண்டதில்லையா? அவை மூடப்பட்டதற்குக் காரணம் கூட்டுறவு அன்று, கூட்டுறவு இன்மையே. உறுப்பினர் தம் நல்ல சரக்கை வெளி வியாபாரிக்கு விற்றுவிட்டு, விலைபோகாததைச் சங்கத்துக்குத் தள்ளினர். விற்பனையாளர் வாங்க வந்தவரிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை. கணக்கு மாதந்தோறும் உறுப்பினர் முன் வைக்கப்படவில்லை. இம்மூன்றையும் திருத்தாமல் புதிய தெருவிற் கடை திறப்பது, ஓட்டைக் குடத்தில் நீர் முகப்பது போலாகும். முதல் தரச் சரக்கு, இன்சொல், திறந்த கணக்கு ஆகிய இம்மூன்றும் இருந்தால், இடத்தின் வசதி தன் வேலையைச் செய்யும்.

இந்நாளில் கைப்பேசியிலேயே துணியும் பழமும் விற்கலாமே, தெருவிற் கடை எதற்கு என்றும் கேட்பர். அவ்வழியும் நல்லதே, அதனையும் கைக்கொள்வோம். எனினும் சேலையின் மென்மையை விரல் அறிய வேண்டும். திராட்சையின் இனிப்பை நாக்கு அறிய வேண்டும். ஒருமுறை கையால் தொட்டு வாங்கியவரே, மறுமுறை தொலைவிலிருந்தும் நம்பிக்கையோடு கேட்டு வாங்குவார்.

கம்பம் பள்ளத்தாக்கு முழுவதற்கும் ரெயில் வேண்டும், திண்டுக்கல்லிலிருந்து லோயர்கேம்ப் வரை பாதை போட வேண்டும் என்னும் கோரிக்கை நெடுங்காலமாய் எழுந்து வருகிறது. அதனை நாமும் ஆதரிக்கிறோம். ஆயின் பாதையைக் கேட்கின்ற குரலோடு, பாதையோரத்தில் நமக்குரிய இடத்தைக் கேட்கின்ற குரலும் சேர்ந்தொலிக்க வேண்டும். தண்டவாளம் போடுவது அரசின் கடமை; நிலையத்து வாசலில் யாருடைய சரக்கு விற்பதென்று தீர்மானிப்பது நம் ஒற்றுமை. பல்லாண்டுகள் காத்திருந்து பெற்ற வசதி, கைக்கு எட்டியும் வாய்க்கு எட்டாத கனியாகிவிடலாகாது. அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் ஒவ்வொரு சங்கமும் இப்பொருளை நிகழ்ச்சி நிரலிற் சேர்த்து, நிலையத்தருகே ஓர் இடம் பார்க்கச் சிறு குழுவொன்றை அமைக்குமாறு வேண்டுகிறோம்.